அகலமாகும் முகம்

"அவ குரல் இந்த வீட்ல கேக்கக் கூடாது."

"கேக்காது. நான் ஹெட்போன் மாட்டிக்கிறேன். போதுமா?"

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போன அந்த வாரத்தில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள் அம்மா.

அன்றிலிருந்து ஞாயிறு மதியம் கூடத்துக் கம்ப்யூட்டரில் மகளோடு வீடியோவில் பேச்சு. அம்மா ஹெட்போனைக் கையில் எடுத்தால் போதும், அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கொஞ்ச நாளாகத்தான் இந்தக் கோளாறு. பேச ஆரம்பித்ததும் திரை ஒரு கணம் கறுத்துப்போகும். மறுபடி வெளிச்சம் வரும்போது எழுத்தெல்லாம் பெருத்திருக்கும். யாரோ இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்தது போல மகளின் முகம் அகலமாகியிருக்கும். பேசி முடித்தால் தானாகவே சரியாகிவிடும். மற்ற நாட்களில் ஒரு குறையும் கிடையாது.

இந்த வீட்டுக்கே அவள் முகம் ஆகவில்லையோ என்று அம்மாவுக்குத் தோன்றியது. ரிப்பேருக்கு ஆள் கூப்பிடவும் பயம். "கெட்டா தூக்கிப் போடு" என்று அவர் சொல்லிவிட்டால், பட்டன் போனை வைத்துக்கொண்டு மகளை எங்கே பார்ப்பது?

இன்றும் திரை கறுத்தது. முகம் அகலமானது.

"மூக்கு பாதி திரைக்கு வந்திருக்குடி."

"அந்தக் கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டுக் கொடுத்தவ நான்தானேம்மா, பயப்படாதே," என்றாள் மகள். "டெர்மினலைத் திற, அந்தக் கறுப்புக் கட்டம். நான் சொல்ற எழுத்தை ஒண்ணொண்ணா அடி."

"எதையாவது அழிச்சுத் தொலைச்சிட்டேன்னா?"

"அழிக்க அங்க என்ன இருக்கு, நீ சேத்து வச்ச சமையல் வீடியோதான். அடி."

ஒற்றை விரலால் தட்டினாள். கறுப்புக் கட்டத்துக்குள் சரசரவென்று வரிகள் விழுந்தன.

"கனெக்டட்னு எத்தனை இடத்துல இருக்கு? டிஸ்கனெக்டட்டை விட்டுடு."

"ரெண்டு."

மகளின் சிரிப்பு நின்றது. "நல்லாப் பாத்துச் சொல்லு. ரெண்டு ஸ்கிரீன் மாட்டியிருக்குன்னு அர்த்தம். ரெண்டுலயும் ஒரே படம் ஓடுது. இன்னொண்ணு பழசு போல, அது தாங்கற அளவுக்கு உன்னோடதையும் சுருக்கிடுச்சு. அங்க வேற யாரும்மா பாக்கறாங்க?"

"இங்க நான் ஒருத்திதான்டி இருக்கேன்." அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலி.

"பேய்க்கெல்லாம் ஒயர் வேண்டாம்மா. கம்ப்யூட்டருக்குப் பின்னாடி குனிஞ்சு பாரு."

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்தாள். திரைக்குப் போகும் கேபிள் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு கேபிள்கள் இருந்தன. இரண்டாவது சுவரோரமாகவே ஓடி, அலமாரிக்குப் பின்னால், எப்போதோ டெலிபோன் ஒயர் போன ஓட்டைக்குள் நுழைந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அறை.

அம்மா கதவைத் தள்ளினாள். ஜன்னலைச் சாத்திய இருட்டில், பரணில் கிடந்த பழைய குட்டி டிவி ஸ்டூல்மேல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் தட்டிய அதே வரிகள் அதில் இருந்தன. பக்கத்தில் மகளின் முகம், கொஞ்சமும் அகலமாகாமல்.

அப்பா முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்திருந்தார். அந்த வரிகளைப் பார்த்ததுமே அம்மா வரப்போவது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் டிவியை அணைக்கவில்லை.

"ஏங்க..."

அவர் திரும்பவில்லை. சத்தமில்லாமல் அசையும் அந்த உதடுகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அவ என்ன பேசறான்னு எனக்கும் கொஞ்சம் கேக்க விடேன்."