செனட்டருக்கு ஒரு காவல்

"உலகத்துல ஆம்பளைங்க ரெண்டே வகைதான் தம்பி. மலை ஏறுறவன் ஒருத்தன். ஏறுறவனோட நாயைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே உட்கார்றவன் இன்னொருத்தன்."

டுவெய்ன் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. தீர்ப்பு வாசிக்கிற நீதிபதியின் முகத்தோடு சொல்லிவிட்டு, குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினார்.

"ஆமா சார்" என்றான் இரண்டாம் வகையைச் சேர்ந்த ட்ரெவர். அவன் பாதங்களின் மேல் ஐம்பது கிலோ எடையோடு செனட்டர் படுத்திருந்தது. செனட்டர் என்பது டுவெய்னின் நாய். நாள் முழுக்கத் தூங்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எழுந்து குரல் கொடுக்கும்.

நெப்ராஸ்காவிலிருந்து இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்து, இந்த மலைப் பூங்காவில் கூடாரமும் அடித்த பிறகுதான், நுழைவாயிலில் கொடுத்த காகிதத்தை மார்லா படித்தாள். நாய்க்குக் கூடார மைதானத்தில் அனுமதி உண்டு. தார் ரோட்டில் உண்டு. வண்டி நிறுத்துமிடத்தில் உண்டு. மலைப்பாதையில் மட்டும் கிடையாது. கட்டிப்போட்டுவிட்டுப் போகவும் கூடாது. கரடி வந்தால் செனட்டரின் பதவிக்காலம் முடிந்துவிடும். ஆக, யாராவது ஒருவர் கூட இருந்தே தீரவேண்டும்.

மார்லா, டுவெய்னின் ஒரே மகள். ட்ரெவர் அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிறவன். அப்பாவிடம் முறையாகப் பெண் கேட்டு, அவர் சரி சொன்னால்தான் மோதிரம் போட்டுக்கொள்வேன் என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். கேட்பதற்காகத்தான் அவன் இந்தப் பயணத்துக்கே வந்தான். நல்ல பேர் வாங்கும் அவசரத்தில் முதல் நாளே, "நாயை நான் பார்த்துக்கறேன் சார்" என்று வாயை விட்டான். அந்த நிமிடமே அவன் எந்த வகை என்பது முடிவாகிவிட்டது.

தினமும் காலையில் மார்லா வனக்காவலர் அழைத்துப்போகிற குழுவோடு ஏரிப் பக்கம் நடப்பாள். டுவெய்ன் வண்டியை எடுத்துக்கொண்டு சிகரம் ஏறப் போவார். தனியாகத்தான். "கூட ஆள் வந்தா என் வேகம் கெட்டுடும்."

சாயங்காலம் திரும்பியதும் கச்சேரி ஆரம்பிக்கும்.

"மேல ஒரு இடம் இருக்கு தம்பி. பாதை ஒரே அடி அகலம். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஆகாசம். உன் வயசுப் பசங்க தவழ்ந்து போறாங்க. நான் விசில் அடிச்சுக்கிட்டுப் போனேன்."

"கால் வலிக்கலையா சார்?"

"அதெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறவங்களுக்கு வர்றது." தணலில் வாட்டிய சாஸேஜைக் கடித்தார். "நீ இன்னைக்கு எவ்வளவு தூரம் போனே?"

"கழிப்பறை வரைக்கும் சார். செனட்டரோட."

"போயிட்டுத் திரும்பியும் வந்தியா? பலே!"

"அப்பா, போதும்" என்றாள் மார்லா. "நமக்காகத்தானே அவன் இருக்கான்?"

"நான் என்ன தப்பா சொன்னேன்? நாயைப் பார்த்துக்க ஆள் வேணும்தான். அந்த ஆளுக்கு யாராவது பொண்ணு குடுப்பாங்களா, அதுதான் தெரியலை."

ட்ரெவர் தொண்டை வரை வந்த கேள்வியை சாஸேஜோடு சேர்த்து விழுங்கினான்.

நான்காம் நாள். மறுநாள் காலை கூடாரத்தைப் பிரிக்க வேண்டும். ஏரிக்குக் கிளம்பிய மார்லா அவன் காதோடு சொன்னாள்: "இன்னைக்குக் கேட்கலைன்னா, இனி நவம்பர்ல நடக்கிற குடும்ப விருந்துலதான் அப்பாவைப் பார்ப்பே. அங்க என் மாமாங்க மூணு பேரும் இருப்பாங்க."

"என்னைப் பார்த்தாலே உங்கப்பாவுக்கு நாய் ஞாபகம் வருது மார்லா."

"சிகரத்துல இருந்து இறங்கின சூட்டோட கேளு. அப்ப கேட்டா வீட்டையே எழுதிக் குடுப்பார்."

அது நியாயமாகப் பட்டது. மலைப்பாதை ஆரம்பிக்கிற இடம் வரை மூன்று மைலும் தார் ரோடுதான், நாய்க்குத் தடையில்லை. டுவெய்ன் வெற்றியோடு இறங்கி வரும்போது அங்கேயே மடக்கிக் கேட்டுவிடுவது என்று, மதியம் ட்ரெவர் செனட்டரை இழுத்துக்கொண்டு புறப்பட்டான். பாதி தூரம் அவன் நாயை இழுத்தான். மீதி தூரம் நாய் அவனை இழுத்தது.

வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், மர நிழலில், ஒரு மடக்கு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவரின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் கையில் ஏழு கயிறுகள்; கயிற்றுக்கு ஒன்றாக ஏழு நாய்கள். முதுகுப்பை மாட்டிய பெண்மணி ஒருத்தி எட்டாவது கயிற்றை அவரிடம் நீட்டினாள்.

"நாலு நாளா நீங்க இங்க உட்கார்ந்திருக்கிற புண்ணியத்துலதான் நாங்க எல்லாரும் ஏறிட்டு வர்றோம். நீங்க ஒரு நாளாவது மேல போகக் கூடாதா?"

"ஏணியில ரெண்டாம் படி ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்மா" என்றது, ட்ரெவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். "மேல என்னென்ன பார்த்தீங்கன்னு வந்து விவரமா சொல்லுங்க, அது போதும்."

செனட்டர் குரைத்தது. டுவெய்ன் திரும்பிப் பார்த்தார். ட்ரெவர் வாயைத் திறப்பதற்குள், எட்டில் நாலு கயிற்றைப் பிரித்து அவன் கையில் திணித்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார், தாழ்ந்த குரலில். "மார்லாகிட்ட மூச்சு விடாதீங்க. கல்யாணத்தை எந்த மாசம் வெச்சுக்கலாம்?"