மூன்று இலாகா, ஒரு பாய்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று தபாலில் வந்த கார்டில் இருந்தது. மற்ற இரண்டு இலாகாவும் வருகிறது, தாங்களும் தவறாமல் வரவும். கீழே பெயர் இல்லை.

ராமலெட்சுமி ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டாள். வட்டார அலுவலகத்தில் பெண்கள், குழந்தைகள் நலம் பார்க்கும் முக்கிய சேவிகா அவள். காலிதாவைப் பெண்கள் இல்லத்தில் சேர்க்கும் உத்தரவு பைக்குள் இருந்தது.

காலிதாவுக்குப் பதிமூன்று வயது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தோணியில் போன வாப்பா திரும்பவில்லை. உம்மா மதுரையில் காசநோய் ஆஸ்பத்திரியில். சித்திரையில் வீட்டுக்கு அனுப்புவதாக அங்கே சொல்லியிருந்தார்கள்.

காலிதா வீட்டு வாசலில் பாய் விரித்திருந்தது. உள்ளே அடுப்போரம் மூன்று டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

அப்துல் ஹமீது சைக்கிளில் வந்து இறங்கினார். ஜமாஅத் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் செயலாளர். பின்னாலேயே சுகாதார நிலையத்து நர்ஸ் முருகேஸ்வரி, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

நல்ல ஏற்பாடு என்று ராமலெட்சுமி ஹமீதுக்கு நன்றி சொன்னாள். ஹமீது முருகேஸ்வரிக்குச் சொன்னார். முருகேஸ்வரி ராமலெட்சுமிக்குச் சொன்னாள். மூவருமே அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்கள்.

முருகேஸ்வரி தாளை விரித்து, உம்மா பெயர் கேட்டாள். காலிதா வாய் திறக்குமுன் ஹமீது, மெஹருன்னிசா என்றார். வாப்பா போய் எத்தனை மாசம் என்றாள். பதினாலு என்றாள் ராமலெட்சுமி.

காலிதா தங்கச்சிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று கோப்பிலும் ஒரே கதை. ஒவ்வொரு கோப்பிலும் ஒரே ஒரு பிள்ளை.

ஹமீதின் கோப்பில், விடுதிக்குப் போகவேண்டிய தம்பி, எட்டு வயது கபீர். முருகேஸ்வரியின் கோப்பில், குழந்தைகள் காப்பகத்துக்குப் போகவேண்டிய தங்கச்சி, இரண்டு வயது மஜீதா. மற்ற இரண்டும் வீட்டில்தான் இருக்கும் என்று மூவரும் நினைத்திருந்தார்கள்.

மூன்று தாளிலும் பிள்ளையை அழைத்துப்போகும் நாள் வருகிற வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தது.

"அப்ப சித்திரையில அந்தப் பொம்பளை வந்து யாரைத்தேன் பாக்கும்?" என்றாள் முருகேஸ்வரி.

கோழி ஒன்று பாயில் ஏறி, ஹமீதின் தாளை மிதித்துவிட்டுப் போனது.

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அரை மணியில் முடிந்தது. பால் பவுடரை முருகேஸ்வரி வாராவாரம் கொண்டு வருவாள். மஜீதாவைப் பாலர் பள்ளியிலும் காலிதாவை மறுபடி பள்ளிக்கூடத்தில் எட்டாவதிலும் சேர்ப்பது ராமலெட்சுமி. ராத்திரித் துணைக்குப் பக்கத்து வீட்டு ராக்கு; வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே அவள் சம்மதம் சொல்லிவிட்டாள். அரிசிதான் இடித்தது. விடுதியில் தங்காத பிள்ளைக்கு அரிசி கிடையாது என்று விதி.

"விதிய எழுதுன கமிட்டியில நானுந்தானே உக்காந்திருந்தேன். இன்னொருக்க உக்காந்தாப் போச்சு" என்றார் ஹமீது.

சிரிப்புச் சத்தம் கேட்டு கபீர், விடுதிக்கென்று கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தான். சட்டையைக் கொடியில் திரும்பப் போட்டான்.

காலிதா தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

ராமலெட்சுமி குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பினாள். ராக்கு என்று பெயர் வெட்டியிருந்தது. ஹமீது கையிலிருந்ததில் முஹைதீன். முருகேஸ்வரியினுடையது மலையாண்டி வீட்டுது.

மூன்று வீட்டு டம்ளர்கள். தான் வரும்போதே அவை கழுவிக் கவிழ்த்திருந்தன.

மற்ற இருவரும் பாதையில் இறங்கினார்கள். ராமலெட்சுமி செருப்பு மாட்டுகிற சாக்கில் காலிதா பக்கத்தில் பின்தங்கினாள்.

"ஏத்தா, அடுத்த கார்டு எப்பப் போடுவே?"