விரல் மேல் விரல்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு மூன்று மணி நேரமாக அணையாமல் எரிகிறது. உள்ளே கிடப்பது தையல்காரரின் மனைவி. கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிய டாக்டர், "ரத்தம் நிக்கல. ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்!" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போகிறார். தையல்காரர் பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் மச்சினியைப் பார்க்கிறார். அவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். "அப்படின்னா என்னம்மா?" "விரல் மேல விரல் போட்டுக்கிட்டு, நல்லது நடக்கணும்னு நினைக்கிறது மாமா. பரீட்சையில ரெண்டு மார்க்குக்கு வரும். சும்மா பேச்சுக்குச் சொல்றதுதான், யாரும் நிஜமா போட மாட்டாங்க." அவர் வலது கையை மடியில் விரிக்கிறார். ஊசி குத்திக் காய்த்துப்போன சுட்டுவிரலின் மேல் நடுவிரலை ஏற்றி இறுக்குகிறார். நகம் வெளுக்கிறது. ஜன்னல் வெயில் அவர் மடியிலிருந்து இறங்கிச் செருப்பு வரை நகர்கிறது. கையில் எடுக்காத டீ ஆறி ஆடை கட்டுகிறது. விரல்கள் மட்டும் பிரியவில்லை. "போதும் மாமா, கை மரத்துப்போயிடும்." "போனா போகட்டும்."

கதவு படாரென்று திறக்கிறது. நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டுகிறாள். "இன்னொரு ஆபரேஷன் உடனே பண்ணணும், கையெழுத்துப் போடுங்க." அவர் இடது கையால் பேனாவைப் பிடிக்கிறார். எழுத்துகள் கோட்டைத் தாண்டிக் கோணலாக ஓடுகின்றன. "வலது கைக்கு என்னங்க ஆச்சு?" என்கிறாள் நர்ஸ்.

"ஒண்ணும் ஆகலம்மா," என்று பேனாவைத் திருப்பிக் கொடுக்கிறார் அவர். "அது வேலையா இருக்கு."