பன்னிரண்டாவது விளக்கு

ஜெனட் ஒரு வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். பாச்சாங்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காலை ஏழரைக்கு வேன் என்றால் ஏழரைக்கு வேன். ஒரு நிமிஷம் கழித்து ஓடி வருகிறவர், பின்னாலேயே டாக்சி பிடித்து வரவேண்டியதுதான்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், கைத்தொழில் நடக்கிற கம்போங் கிராமங்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டுவது அவள் பிழைப்பு. முதலில் மெங்குவாங் தாழையோலையில் பாய் பின்னுகிற வீடு, அப்புறம் மணி கோத்துச் செருப்புத் தைக்கிற கடை, மத்தியானச் சாப்பாடு, கடைசியாக சிம்பாங் அம்பாட்டில் பெரியநாயகி அக்காவின் மண்பாண்டப் பட்டறை. அங்கே வந்தவர்கள் ஆளுக்கொரு அகல் விளக்கைத் தங்கள் கையாலேயே செய்யலாம். அது சூளையில் வெந்து, ஒரே வாரத்தில் வீடு தேடி வரும். இதுவும் ஜெனட் கொடுத்த வாக்குதான்.

இன்றைக்கு அந்தப் பட்டறையை லிஸ்டிலிருந்தே அடித்துவிடுவது என்ற முடிவோடுதான் வேனை ஓட்டினாள்.

பின்னே என்ன? மூன்று வாரத்துக்கு முன் வந்த கூட்டம் செய்தது, ஜெனட்டுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு விளக்கு. பதினொன்று வந்துவிட்டது, அதுவும் ஒரு வாரம் தாமதமாக. ஜெனட் தன்னுடையதைப் படம் பிடித்து, 'முதல் முயற்சி' என்று ஃபேஸ்புக்கில் போட்டு, நூற்றுச் சொச்சம் லைக்கும் வாங்கியாகிவிட்டது. வராத ஒன்று நிர்மலாதேவியுடையது.

புக்கிட் காத்திலிலிருந்து கணவர் கணேசமூர்த்தியோடு வந்து, நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்த பெண். அடுத்த சனிக்கிழமை மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

நாளைக்குப் பதினாறாம் நாள். அவள் கடைசியாகக் கையால் செய்தது அந்த விளக்குதான், அதைப் படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும், கிடைக்குமா தங்கச்சி என்று மனுஷன் தினமும் போன் பண்ணுகிறார். பாதியிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. ஜெனட்டும் கண்டிப்பாகக் கொண்டுவந்து தருகிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டாள்.

பெரியநாயகியோ எப்போது கேட்டாலும் ஒரே பாட்டு: இன்னும் காயவில்லை. பதினொன்று காய்ந்து வெந்து வந்த இடத்தில் ஒன்று மட்டும் எப்படிக் காயாமல் இருக்கும்? ஜெனட் என்ன நேற்றுப் பிறந்தவளா? எங்கேயோ தொலைத்திருப்பாள், அதைச் சொல்ல வாய் வராமல் பொய் சொல்கிறாள். செத்துப்போனவள் விஷயத்திலுமா பொய்?

பட்டறை வாசலில் வேன் நின்றதும், வந்தவர்களைச் சக்கரத்தைச் சுற்றி வேடிக்கை பார்க்க விட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். பெரியநாயகி ஒரு மேசைமேல் குனிந்திருந்தாள்.

"அக்கா, விளக்கு இல்லாம இன்னிக்கு நான் போகப்போறதில்ல. காயலைன்னு மட்டும் சொல்லாதீங்க லா."

"அது வெடிச்சிருச்சு ஜெனட்."

நிதானமாகத்தான் சொன்னாள். பழகாத கை செய்தால் விளக்கின் அடிப்பக்கம் கனமாகத்தான் வரும், நிழலில் பத்து நாளாவது காயவேண்டும். ஒரு வாரம், ஒரு வாரம் என்று நீ கழுத்தில் உட்கார்ந்தாய், மழை வேறு, ஈரத்தோடு சூளையில் வைத்தேன், பன்னிரண்டும் போச்சு என்றாள்.

பன்னிரண்டுமா? அப்படியானால் வந்து சேர்ந்த பதினொன்று?

"எல்லாம் நான் செஞ்சது. அன்னிக்கு எல்லாத்தையும் வரிசையா வச்சு நீ எடுத்த போட்டோவைப் பார்த்து, அவங்கவங்க கோணல் மாறாம செஞ்சேன். உன்னோடதுதான் பாடாய்ப் படுத்திருச்சு. அவ்ளோ கோணல் என் கைக்கு லேசுல வரலை."

ஜெனட்டுக்குக் காது வரைக்கும் சூடேறியது. நூற்றுச் சொச்சம் பேர் லைக் போட்டது யார் கைவேலைக்கு? ஆனாலும் அசருகிற ஆளா அவள்? அப்படியே இன்னும் ஒன்று செய்து கொடுத்துவிட்டால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது, இதற்குப் போய் இத்தனை நாள் இழுக்கலாமா என்று ஒரு பிடி பிடித்தாள். பொய் சொல்கிறாள் என்று சண்டை பிடிக்க வந்தவள்தான் இப்படிக் கேட்டாள். அது அவளுக்கே உறைக்கவில்லை.

பெரியநாயகி மேசையை விட்டு நகர்ந்து நின்றாள்.

மேசையில் புத்தம் புதிதாக ஒரு அகல் இருந்தது. அச்சு அசல் நிர்மலாதேவி செய்த மாதிரியே. அதற்குப் பக்கத்தில், விரித்த பேப்பர்மேல், இன்னொன்று. சூளைச் சாம்பலைச் சலித்து, பன்னிரண்டு விளக்குகளின் சில்லுகளில் ஒருத்தியுடையதை மட்டும் தேடிப் பொறுக்கி, ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தாள். சில சில்லுகள் நகத்தளவுதான் இருந்தன. விளிம்பில் ஒரு பெருவிரல் அழுந்தி, ரேகையோடு தெரிந்தது.

ஜெனட் அதைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"இதுல எண்ணெய் நிக்காதே அக்கா," என்றாள். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"நிக்காது. ஏத்துறதுக்குப் புதுசைக் குடு, நான் செஞ்சதுன்னு சொல்லியே குடு. இதை அவர் கையில வச்சிரு. மத்தவங்க கேட்டது விளக்கு, செஞ்சு குடுத்துட்டேன். அவர் கேக்கறது பொண்டாட்டி கையை. அதை நான் எப்படிம்மா செய்யறது?"