இடுப்பு வலிக்கு ஒரு சாட்சி

"நடிக்காத புஷ்பா! ஒன்னுமில்ல, நடந்தா சரியாயிடும்னு டாக்டரே சொல்லிட்டாரு!"

கிளாட்வின் கத்தியது எங்கள் உப்பளம் பேட்டை முழுக்கக் கேட்டது.

"ஆறு வருஷமா இடுப்பு வலின்னு நடிக்க நீங்க என்ன சம்பளமா தர்றீங்க?" என்றாள் அவர் மனைவி புஷ்பமேரி.

மறுநாள் தங்கை அஞ்சலியைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள். என்ன நடக்கிறதென்று பார்க்க, இருமலே இல்லாத பக்கத்து வீட்டு ஆளான நானும் இருமிக்கொண்டே பின்னால் போனேன்.

சற்று நேரத்தில் உள்ளே, "ஐயோ மாதாவே! இடுப்பு போச்சே!" என்று ஓர் அலறல். கிளினிக்கே நடுங்கியது. கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். டாக்டர் இளஞ்செழியன் வியர்த்து வழிய ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

"இவ்ளோ வலியோட எப்படிம்மா நடந்து வந்தீங்க? பேரு?"

அலறியவள் சட்டென்று எழுந்து புடவையைச் சரிசெய்தாள்.

"புஷ்பமேரின்னு எழுதுங்க டாக்டர். வலி எங்க அக்காவுக்கு. அதுக்குக் கத்தத் தெரியாது. நான் நாடகத்துல நடிக்கிறவ, அஞ்சலி."

ஸ்கேனில் புஷ்பமேரிக்கு டிஸ்க் விலகியிருந்தது தெரிந்தது. இப்போது அவர்கள் வீட்டில் கிளாட்வின்தான் குழம்பு வைக்கிறார்.

முப்பத்தெட்டு வயதுவரை பெண் அமையாத டாக்டர், தை மாதம் அஞ்சலியைக் கட்டிக்கொண்டு மூலக்குளத்துக்குக் குடிபோய்விட்டார். அவள் தலைவலி என்று படுத்தால், ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் காபியே போட்டுத் தருகிறாராம்.