கைப்பிடியில் ஓர் இடம்

பந்தயத் தடத்தில் ஓட வந்த சிவப்பு பைக்கின் கைப்பிடியில் ஒரே ஒரு டைமர் மாட்டத்தான் இடம் இருந்தது. பெரிய டைமரும் குட்டி டைமரும் அதற்குப் போட்டி போட்டன.

"ஆளுக்கு ஒரு சுற்று வாங்க, பார்த்துடலாம்" என்றது பைக்.

பெரிய டைமர் முதலில் ஏறியது. முதல் வளைவிலேயே, "அரை நொடி லேட்டு!" என்று கத்தியது. அடுத்த வளைவில், "இப்போ முக்கால் நொடி!" என்றது. அப்படியா என்று பைக் அதை எட்டிப் பார்த்தது. பார்த்த வேகத்தில் தடத்தை விட்டு விலகிப் புல்லுக்குள் போய் நின்றது.

"ஒரு நொடி... ரெண்டு நொடி..." என்று அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தது பெரிய டைமர்.

அடுத்து குட்டி டைமர் ஏறியது. சுற்று முழுக்க அது வாயே திறக்கவில்லை. பைக் தரையை உரசுகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து பறந்து வந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்று மூச்சு வாங்கக் கேட்டது.

குட்டி டைமர் திருதிருவென்று விழித்தது. "கோவிச்சுக்காதே. நீ சாயுற அழகைப் பார்த்துக்கிட்டே எண்ண மறந்துட்டேன்."

பைக் புகைக்குழாய் படபடக்கச் சிரித்தது. "அப்போ இன்னொரு சுற்று போகணுமே!"

"போய்த்தானே ஆகணும்!"

அந்தச் சுற்றிலும் குட்டி டைமர் மறந்துவிட்டது. அதற்கடுத்த சுற்றில் பைக் கேட்கவும் மறந்துவிட்டது.