கோணல் பொட்டு

"அந்தப் பொட்ட அழிச்சிட்டுப் போ!" வாசலை மறித்து நின்றாள் அம்மா.

"முடியாதும்மா." தவமணி சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். கண்டியில் இன்று கல்லூரிகளுக்கான கூடைப்பந்து இறுதிப் போட்டி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பைனல்வரை வந்தது இதுதான் முதல் தடவை.

"சண்ட நடக்கிற நேரம். வழி நெடுக ஆமிக்காரங்க பஸ்ஸ மறிச்சு செக் பண்றாங்க. போன மேட்ச்சுக்குப் போறப்ப, பொட்டப் பாத்து தமிழ்ப் புள்ளன்னுதானே ஒங்க டீம் மீனம்மாவ எறக்குனாங்க?"

"ஆமா. மேட்ச் முடியிறவரைக்கும் விடல."

"இன்னைக்கு அவளே அழிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டாளே?"

"அதக் கேட்டுத்தான் நான் வச்சேன்."

அம்மா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். "மாதாவே! அவ வச்சா அது அவுங்க வழக்கம். வேதக்காரப் புள்ள, ஒனக்கு எதுக்குடி பொட்டு?"

"டீமுல எல்லாரும் இன்னைக்குப் பொட்டோடதான் பஸ் ஏறுறோம். மீனம்மாவும்தான். எறக்குனா மொத்தமா எறக்கட்டும். யார வச்சு பைனல் நடத்துறாங்கன்னு பாப்போம்!"

அம்மா மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"கோணலா வச்சிருக்க. இரு, நடுவுல வச்சு விடுறேன்."